காட்டு விதையும் வானூர்தியும்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் காகித விமானம் விட்டு விளையாடாத சிறுவர் அரியர். மூக்கில் கனம் இல்லையேல் அது தலைதூக்கித் தடுமாறி விழும். அளவாகக் கனத்தால் அமைதியாக மிதந்து இறங்கும். இவ்வுண்மையை மலாய்த் தீவுக்கூட்டக் காடுகள் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன.

அல்சோமித்ரா என்பது பூசணிக் குடும்பத்துக் கொடி. ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய இறக்கையின் நடுவே அதன் விதை அமைந்துள்ளது. எடை உரிய இடத்தில் இருப்பதாலும் இறக்கையின் வளைவாலும், காற்று அசைத்தாலும் அது தானே நேராகி மிதக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஆல்போர்ன் 1897இல் இதனை ஆராய்ந்து எழுதினார். அதனைக் கற்ற ஆஸ்திரியர் இகோ எட்ரிச், 1904இல் அவ்வடிவில் பொறியில்லா ஊர்தி சமைத்தார். ‘புறா’ எனப் பொருள்படும் அவருடைய ‘டௌபே’ வானூர்தி 1910இல் பறந்தது. மறு ஆண்டே ஆங்கிலேயப் பேராசிரியர் பிரையன் இந்நிலைபேற்றுக்குக் கணித நூல் இயற்றினார்.

இக்கலையின் அருமை இடர் வந்தபோதே விளங்கும். 24-6-1982 இரவு கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகர் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுள் புகுந்தது. 37,000 அடி உயரத்தில் நான்கு பொறிகளும் அடுத்தடுத்து நின்றன. ஆயினும் அது கல்லைப் போல் விழவில்லை. நிலைகுலையாது மிதந்து இறங்கியது. அவ்வாறு கிடைத்த நிமிடங்களில் விமானிகள் பொறிகளை மீண்டும் இயக்கினர். 263 பேரும் ஜகார்த்தாவில் உயிருடன் தரையிறங்கினர்.

பொறி உந்துவது; இறக்கை தாங்குவது; எடையமைப்பும் வடிவமும் நிலைநிறுத்துவன. காகிதத்தின் மூக்கை மடிக்கும் சிறுவன் இவ்வறிவியலின் முதற்பாடத்தைக் கையிலேயே கொண்டுள்ளான். அதனை எடுத்துக் காட்டுவது ஆசிரியர் கடன்.