கட்டணம் சிறிது, விலை பெரிது: கொட்டகலைத் தோட்டங்களில் பொதுச் சேவையின் தொகுப்பும் விலையும்

ஓர் அரசு அலுவலகத்தின் சேவைக்கு என்ன விலை என்று கேட்டால், கருமபீடத்தருகே ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலைக் காட்டுவார்கள். மலையகப் பெருந்தோட்ட மக்களுக்கு அந்தப் பட்டியல் உண்மை விலையைச் சொல்வதில்லை. ஒரு சேவையின் விலையைத் தீர்மானிப்பது அதன் கட்டணத்தைவிட, அது எந்தத் தொகுப்பில், யார் கைவழியாக வந்து சேர்கிறது என்பதே. நுவரெலியா மாவட்டத்தின் கொட்டகலையைச் சூழ்ந்த டிரேட்டன், ரொசிட்டா, ஸ்டோனிகிளிப் போன்ற தோட்டங்களின் மக்கள் மூன்று தொகுப்புகளின் கீழ் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தோட்ட நிருவாகத்தின் தொகுப்புக்கு அவர்கள் உழைப்பை விலையாகக் கொடுத்தார்கள். தொழிற்சங்கத்தின் தொகுப்புக்குச் சந்தாவையும் விசுவாசத்தையும் கொடுத்தார்கள். அரசின் சிதறிய சேவைகளுக்கு நாட்சம்பளத்தைக் கொடுக்கிறார்கள். உரிமையை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட நான்காவது தொகுப்பு ஒன்றை அமைப்பது பிரதேச சபையினதும் பிரதேச செயலகத்தினதும் கடமை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் தொகுப்பு: தோட்டம்

லயன் அறை, பிள்ளைக் காம்பரா, மருந்துச் சாலை, குடிநீர், பாடசாலை ஆகியன தோட்டத்தில் ஒரே கையிலிருந்து வந்தன. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்குத் தோட்ட உரிமையாளரைப் பொறுப்பாக்கிய 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது. இவற்றுக்குப் பணமாகக் கட்டணம் வாங்கப்படவில்லை. ஆனால் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தால்தான் கூரை நிலைக்கும். 1921இல் ஒழிக்கப்படும் வரை, கடன் தீர்ந்ததைக் காட்டும் துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாறவும் முடியவில்லை. குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவே தொழில் கொடுப்பவர் நின்றார்.

அவர் முழுவதுமாக விலகிவிடவில்லை. பாடசாலைகள் அரசின் கீழ் வந்தன. 1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. ஆயினும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர் ஆகியோரோடு தோட்ட அத்தியட்சகருக்கும் உண்டு. லயன்களுக்குரிய கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே பெரும்பாலும் வருகின்றன. சம்பளத் தகராறு நடக்கும் காலத்தில், எதிர்த்தரப்பில் இருப்பவரிடமே ஓர் இளைஞன் கையொப்பம் கேட்டு நிற்க நேரலாம். கட்டணப் பட்டியலில் இந்த விலைக்கு இடமில்லை.

இரண்டாவது தொகுப்பு: சங்கம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. வாக்கில்லாத காலத்தில் அரசுக் கதவைத் தட்டக்கூடிய ஒரே கை தொழிற்சங்கத்தின் கையாக இருந்தது. விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, அலுவலரைச் சந்திக்க அழைத்துச் செல்வது எல்லாம் சங்கக் காரியாலயத்தில் நடந்தன. அந்தப் பணியின் பெறுமதியை மறுப்பது நன்றிகேடு. அதே வேளை, சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் சந்தாவுக்கான பலனாகவும் தலைவரின் தயவாகவும் அரசுச் சேவை தோன்றத் தொடங்கியது. சங்கம் மாறியவருக்கு, எச்சங்கத்தையும் சேராதவருக்கு, தோட்டத்துக்கு வெளியே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்தத் தொகுப்பில் இடம் சுருங்கியது.

மூன்றாவது தொகுப்பு: சிதறிய அரசு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் வீதியும் விளக்கும் தோட்ட எல்லையில் நின்றன. 2018இன் திருத்தமே அந்தத் தடையை நீக்கியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்; அதே மாவட்டத்தின் ஹங்குராங்கெத்தவில் ஓர் இலட்சம் பேர்கூட இல்லை. தோட்ட மக்கள் செறிந்த இடத்தில்தான் வரிசை மிக நீளமாக இருந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டபோது கொட்டகலைக்குத் தனிச் சபை கிடைத்தது. 2018 பெப்ரவரியில் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின், 2025 மே வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே சபை இயங்கியது.

இப்போது விலையைக் கணக்கிடலாம். முதன்முறை அடையாள அட்டை பெறுவதற்கான கட்டணம் 2023 நவம்பரில் 200 ரூபாவாக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளமாக 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டது 1,350 ரூபா. இந்தத் தொகைகளின்படி, பிள்ளையின் அட்டைக்காகத் தாய் இரண்டு நாள் கொழுந்துக்குப் போகாவிட்டால் இழப்பு 2,700 ரூபா, அதாவது கட்டணத்தைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல். பஸ் செலவும் போட்டோப்பிரதிச் செலவும் இதற்கு வெளியே. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி பெற இன்னொரு நாள் போகும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா, அம்பகமுவ உள்ளிட்ட பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அப்படியிருந்தும் தமிழ்ப் பெயரைச் சரியாகப் பதியத் தெரியாத அலுவலரின் பிழைக்கு அபராதம் கட்டுபவர் விண்ணப்பதாரர்தான்.

சேவைகள் சங்கிலியாக இருப்பதால் இந்த விலை பெருகுகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை; அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை; கணக்கு இல்லாமல் 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கைக்கு வராது. ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு கருமபீடத்தில், வெவ்வேறு நாளில். உதவி அதிகம் தேவைப்படுவோரே அதிக விலை கொடுக்கும்படி இந்த அமைப்பு இருக்கிறது.

நான்காவது தொகுப்பு

மாற்று வழி கற்பனை அல்ல. கேரளத்தின் வயநாடு மாவட்டம் தன் பழங்குடி மக்களுக்காக 2021இல் தொண்டர்நாடு ஊராட்சியில் தொடங்கிய முகாம்களில் ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒரே இடத்தில் வழங்கியது. ஆவணங்களை மின்னணுப் பெட்டகத்திலும் சேமித்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனால் பயன்பெற்றனர். துறைகள் மக்களைத் தேடி ஒன்றாகப் போனதே அதன் வெற்றிக்குக் காரணம். நம் நாட்டிலும் நடமாடும் சேவைகள் உண்டு. அவை எப்போதாவது, பெரும்பாலும் ஓர் அரசியல்வாதியின் பெயரோடு வருவதால், உரிமை மறுபடியும் தயவாகிவிடுகிறது.

தோட்ட வீடுகள் சோலைவரி செலுத்துவதில்லை, சபையின் செலவை யார் ஏற்பது என்ற ஆட்சேபம் எழக்கூடும். கொட்டகலை நகரின் கடைகள் தோட்டச் சம்பளத்தில் நடக்கின்றன. அக்கடைகளிலிருந்து சபைக்கு வருமானம் வருகிறது. 2024 முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரியைக் கொழுந்து பறிப்பவரும் செலுத்துகிறார். அத்துடன், நடமாடும் சேவையின் செலவு புதிதாக முளைப்பதில்லை. இன்று அதே செலவை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பளமில்லா நாட்களாகத் தனித்தனியே சுமக்கின்றன.

எனவே செய்யவேண்டியவை தெளிவானவை. பிறப்பு, பதினைந்து வயது, திருமணம், ஓய்வு, இறப்பு என்ற வாழ்க்கைக் கட்டங்களின்படி சேவைகளைத் தொகுக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் முன்கூட்டியே அறிவித்த நாளில், வேலை முடிந்த நேரத்தில், தமிழில் பதியக்கூடிய அலுவலர்கள் வர வேண்டும். அலுவலகப் பிழையால் வரும் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் கூடாது. தோட்ட அத்தியட்சகரின் கையொப்பத்தை நம்பியிருக்கும் நிலையைக் கிராம உத்தியோகத்தரின் பணியை வலுப்படுத்தி முடிக்க வேண்டும். கட்டண மாற்றம் எதையும் தீர்மானிக்கும் முன், அது பறிக்கும் வேலைநாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொட்டகலைக்குச் சபை கிடைத்துவிட்டது. தோட்டத்துக்குள் அது செல்வதற்கு இருந்த தடையும் சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. இனியும் ஒரு தாய் தன் பிள்ளையின் அடையாள அட்டைக்கு இரண்டு நாட்சம்பளம் கொடுக்க நேர்ந்தால், அதற்குப் பழைய சட்டத்தைக் குறைகூற முடியாது. பொறுப்பு இன்றைய நிருவாகத்தினுடையது.