சி.ஆர். பார்க் யார் பெயர்?

சி.ஆர். என்றால் நமக்கு ராஜாஜிதான் நினைவுக்கு வருவார். தெற்கு டெல்லியிலுள்ள சி.ஆர். பார்க்கின் சி.ஆர். வேறொருவர்.

பிரிவினையால் கிழக்கு வங்கத்தை இழந்து, டெல்லியில் உத்தியோகம் பார்த்து வந்த வங்காளிகள் சங்கம் அமைத்து, சர்க்காரிடம் கேட்டு 1960-களில் பெற்ற இடம் அது. ஆவணங்களில் அதன் பெயர் 'கிழக்குப் பாகிஸ்தான் இடம்பெயர்ந்தோர் காலனி', சுருக்கமாக இ.பி.டி.பி. காலனி. சொந்த வீடு கட்டிய பிறகும் விலாசத்தில் அகதிப் பட்டம்! 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானே வங்கதேசம் ஆகிவிட்டது. காலனியின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

1980-களில்தான் குடியிருப்போர் விருப்பப்படி சித்தரஞ்சன் பார்க் ஆயிற்று. அலிப்பூர் வழக்கில் அரவிந்தருக்காக வாதாடிய தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பூர்வீகம் டாக்கா பக்கத்து விக்ரம்பூர். விட்டு வந்த மண்ணின் மனிதரையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! பழைய பத்திரங்களில் மட்டும் இன்னும் இ.பி.டி.பி.தான்.