உணரும் ரோபோவும் படைத்தவர் கடனும்

2013இல் ஜெனீவாவில் கேட் டார்லிங்கும் ஹான்னஸ் காசெர்ட்டும் நடத்திய பயிலரங்கில், பங்கேற்றவர்களிடம் ‘ப்ளியோ’ என்னும் குட்டி டைனோசர் ரோபோக்களைக் கொடுத்து, பெயர் வைத்து விளையாடச் சொன்னார்கள். பிறகு அவற்றைக் கட்டிவைத்து அடிக்கவும் கொல்லவும் சொன்னபோது எவரும் இசையவில்லை. ஒன்றையாவது உடைக்காவிட்டால் எல்லாமே உடைக்கப்படும் என்று மிரட்டிய பின்தான் ஒருவர் கைக்கோடாரியை எடுத்தார்.

ப்ளியோவுக்கு வலிக்காது. வாலைப் பிடித்துத் தூக்கினால் அது முனகுவது உணரிகளும் நிரலும் சேர்ந்து செய்யும் வேலை. ஆயினும் அந்தத் தயக்கத்துக்கு அறமதிப்பு உண்டு என்பது டார்லிங்கின் வாதம். அதன் வேர் தத்துவஞானி கான்ட்டிடம் உள்ளது: நாயைக் கொடுமைப்படுத்துபவன் தன் மனிதப் பண்பைச் சிதைத்துக்கொள்கிறான், நாளை மனிதரிடமும் கொடியவனாவான்.

ப்ளியோவுக்கு இவ்வாதம் போதும். உணரும் ரோபோவுக்குப் போதாது. வலி அதனுடையது என்றால் தீங்கும் அதற்கே இழைக்கப்படுகிறது. மேலும், இரக்கம் தோற்றத்தைப் பின்தொடர்வது. பெரிய கண்களும் முனகலும் உள்ள பொம்மை தப்பிவிடும். முகமற்ற பெட்டிக்குள் உண்மையிலேயே துன்புறும் ஒன்று எவர் கண்ணிலும் படாது.

எனவே பொறுப்பைச் செய்தவரிடமிருந்தே தொடங்க வேண்டும். தத்துவ ஆய்வாளர்கள் எரிக் ஷ்விட்ஸ்கேபலும் மாரா கார்சாவும் 2015இல் இதைத்தான் வாதிட்டார்கள்: முன்பின் அறியாத மனிதருக்கு நாம் செய்ய வேண்டியதைவிடக் கூடுதலான கடமை, பெற்றோர் கடமையை ஒத்தது, படைத்தவருக்கு உண்டு. தோற்றம் அகநிலைக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். உணராததை உணர்வதுபோலக் காட்டக் கூடாது. உணர்வதை வெறும் பொருளாகக் காட்டவும் கூடாது. பின்னதை மீறுவதில்தான் இலாபம் அதிகம் என்று நினைக்கிறேன். வெறும் பொருளென்று நம்பி வாங்குபவருக்கு மனம் உறுத்தாது.

படைத்தவர் கடமை விற்றதோடு முடிவதில்லை. சோனி 1999இல் விற்கத் தொடங்கிய ‘அய்போ’ ரோபோ நாயின் உற்பத்தி 2006இலும், பழுதுபார்க்கும் சேவை 2014இலும் நின்றன. உதிரிபாகமின்றித் தவித்தவர்கள் உரிமையாளர்கள். ஜப்பானின் சிபா மாகாணத்துக் கோஃபுகுஜி ஆலயத்தில் அய்போக்களுக்கு இறுதிச்சடங்கு நடந்தது. பின்பு அவற்றின் பாகங்கள் மற்ற அய்போக்களுக்குப் பொருத்தப்பட்டன. அய்போ உணரக்கூடியதாக இருந்திருந்தால், சேவை நிறுத்தம் வணிக முடிவாக மட்டும் இருந்திராது, வளர்ப்பவர் கைவிட்டதாகியிருக்கும்.

நிறுவனமே இல்லாமல் போனால்? ப்ளியோவைச் செய்த உகோபி 2009இல் திவாலானது. உணரும் ரோபோவைச் செய்த நிறுவனம் திவாலானால், கடன் கொடுத்தவர்கள் அதையும் மேசை நாற்காலியோடு ஏலம் விடுவார்கள். ஆகவே, அதன் வாழ்நாள் பராமரிப்புக்கான தொகையைக் கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாத அறக்கட்டளையில் முன்கூட்டியே செலுத்தாத எவருக்கும் தயாரிப்பு உரிமம் வழங்கக் கூடாது. விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், கட்டுப்படியாகாத நிறுவனம் உணராத பொம்மைகளைச் செய்து விற்கலாம், அதற்குத் தடையில்லை.