புது ரைபிள் குறி தவறுதா? பேரலைக் குறை சொல்லும் முன் இதையெல்லாம் பாருங்க

உரிமம், இறக்குமதி அனுமதி, பல மாதக் காத்திருப்பு எல்லாம் முடிந்து புது .22 ரைபிள் கைக்கு வந்துவிட்டது. ரேஞ்சுக்குப் போய் 50 மீட்டரில் 10 தோட்டா சுடுகிறீர்கள். டார்கெட்டைப் பார்த்தால் ஓட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து லேனில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "பேரல்ல ஏதோ கோளாறு பாஸ்" என்கிறார்.

இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வர வேண்டியது கடைசியில்தான், முதலில் அல்ல. அவசரப்பட்டால் லட்சக்கணக்கில் செலவழித்த பணமும் ஒரு சீசனும் வீணாகலாம். உரிமத்துக்கே சிக்கல் வரலாம். எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

சிதறுதா, தள்ளி விழுதா?

இரண்டும் வேறு வேறு. 10 ஓட்டைகளும் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து தள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் சைட்டைத் திருப்பிச் சரிசெய்கிற வேலைதான். ஓட்டைகள் ஒன்றுக்கொன்று விலகிச் சிதறினால்தான் விசாரணையே தொடங்குகிறது.

எவ்வளவு சிதறினால் கவலைப்படணும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் தூரத்தில்தான். அந்த டார்கெட்டில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தோட்டாவின் விட்டம் சுமார் 5.6 மி.மீ. வளையத்தைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது நடுவில் சரியாக விழும் ஒரு குரூப், ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால், 16 மி.மீ. அகலம் வரை மொத்தமாக 10-க்குள் அடங்கும்.

ஆனால் 3 தோட்டா சுட்டு அளந்து ஏமாறாதீங்க. தோட்டாக்கள் கூடக்கூட குரூப் விரிவது இயல்பு. 3 தோட்டாவில் சராசரியாக 10 மி.மீ. காட்டும் ரைபிள், 10 தோட்டாவில் சுமார் 16 மி.மீ. காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. 10 தோட்டா கொண்ட குரூப் குறைந்தது ஐந்தாவது சுட்டு, சராசரியைப் பாருங்கள்.

முதல் சந்தேகம் யார் மேல?

நம்ம மேலதான். படுத்தோ நின்றோ சுடாமல், மேசையில் மணல் மூட்டை மீது ரைபிளை வைத்துச் சுடுங்கள். கிளப் விதி அனுமதித்தால் உங்கள் கோச்சும் சுட்டுப் பார்க்கட்டும். அவருக்கு குரூப் சுருங்கினால் பேரல் நிரபராதி.

அடுத்தது ஸ்குரூ. ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் பிணைக்கும் ஸ்குரூக்கள், சைட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் இரண்டையும் தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ஸ்டாக்கைத் தொடாமல் நிற்க வேண்டிய பேரல் என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கினால் எங்கோ உரசுகிறது. பிறகு, நன்றாக இருப்பது தெரிந்த வேறொரு சைட்டை மாட்டிச் சுடுங்கள்.

மூன்றாவது தோட்டா. வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தாலே, 50 மீட்டரில் தோட்டா சுமார் 7 மி.மீ. கீழே விழும். குரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒரே பிராண்டில்கூட ஒரு லாட் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. எலி, லபுவா போன்ற நிறுவனங்கள் ரைபிளைக் கொண்டுவந்து லாட் வாரியாகச் சோதித்து வாங்குவதற்கென்றே சோதனை மையங்கள் வைத்திருக்கின்றன. நான்கைந்து லாட்டாவது முயன்று பாருங்கள். தோட்டா மாற்றியதும் சுடும் முதல் 10-15 ரவுண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தோட்டாவின் மேலுள்ள மெழுகு பேரலுக்குள் படிய அவகாசம் தேவை.

முக்கியமான விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சைட், தோட்டா, ஸ்குரூ மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரியாச்சுன்னு கடைசி வரை தெரியாது.

இப்போ பேரலுக்கு வருவோம்

தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

கிரவுன்: பேரலின் முனை. தோட்டா கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம். இங்கே ஒரு பக்கம் சின்ன அடி பட்டிருந்தாலும், வாயு அந்தப் பக்கம் முதலில் கசிந்து தோட்டாவைச் சாய்த்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே மெல்ல இழுங்கள். ஒரே இடத்தில் பஞ்சு மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

ஓட்டையின் வடிவம்: வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால், தோட்டா நிலையாகச் சுழலாமல் தடுமாறிப் போகிறது என்று பொருள். பொருந்தாத தோட்டா, கிரவுன் சேதம், ரைஃப்லிங் குறை என எதுவாகவும் இருக்கலாம்.

போகப் போக மோசமாவது: சுத்தம் செய்ததும் நன்றாகச் சுட்டு, சில பத்து ரவுண்டுகளில் குரூப் விரிந்தால், உள்ளே ஈயம் படிகிறது. துளை சொரசொரப்பாக இருக்கலாம்.

இறுக்கமும் தளர்வும்: துணித்துண்டைத் தள்ளும்போது, முனைப் பக்கம் திடீரென்று லேசாக நழுவினால் அது நல்ல அறிகுறி இல்லை. இதை அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் உறுதிசெய்ய வேண்டும். கம்பியை எப்போதும் பின்பக்கமிருந்தே விடுங்கள். முன்பக்கமிருந்து விட்டால் கிரவுனை நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே கோடுகள் தெரியும் பல பேரல்கள் அருமையாகச் சுடும். தீர்ப்பு சொல்வது டார்கெட்தான், கேமரா அல்ல.

ஒரு எச்சரிக்கை: ஒரு ரவுண்டின் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். தோட்டா உள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

நாமே சரிபண்ணலாமா?

கூடாது. ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். 6-ஆவது பிரிவின்படி, உரிமமின்றி பேரலைக் குட்டையாக்குவது குற்றம். சேதமான கிரவுனைச் சரிசெய்ய முனையைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். தெரிந்த லேத் பட்டறையில் 'ஒரு மில்லிமீட்டர்தானே' என்று கொடுக்கிற விஷயம் இல்லை இது. உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும். சொந்தமாகப் பாலிஷ் போட்டாலும், குறை பிறவியிலேயே இருந்தது என்று பிறகு நிரூபிக்க முடியாது.

பேரலில் புரூஃப் முத்திரை இருக்கிறதே என்று கேட்கலாம். கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்குத்தான் அது சான்று. குறி தவறாது என்பதற்கு அல்ல.

டீலரிடம் என்ன கொடுக்கணும்?

'சரியா சுடல' என்று மட்டும் எழுதினால், 'தோட்டாவை மாத்திப் பாருங்க' என்றுதான் பதில் வரும். தேதி எழுதிய டார்கெட்டுகள், தோட்டாவின் லாட் எண்கள், சைட் மாற்றிச் சுட்ட குரூப், கோச் சுட்ட குரூப், ஸ்குரூ அளவு, கிரவுனின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே விலக்கிக் காட்டிய பிறகு, மிச்சம் இருப்பது பேரல் மட்டும்தான். அப்போது அவர்களால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.