திருமணம் மீறிய உறவு விவாகரத்தை எப்படிப் பாதிக்கிறது? நியூ ஜெர்சி தமிழர்கள் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையால் அறியப்படும் ஐசலினிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இக்குடும்பங்களில் மணவாழ்வு முறியும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கணவனோ மனைவியோ வேறொருவருடன் உறவு வைத்திருந்தார் என்று நிரூபித்துவிட்டால் வீடும், சேமிப்பும், பிள்ளைகளும் மற்றவருக்கே சேருமா?

சட்டம் அவ்வாறு கூறவில்லை. எனினும், அந்த உறவுக்கு வழக்கில் எந்தப் பொருளும் இல்லை என்றும் கொள்ள முடியாது.

விவாகரத்துக்கான காரணம்

நியூ ஜெர்சியில் துணையின் பிறருறவு இன்றும் விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்று. பிற காரணங்களுக்கு, தம்பதியரில் ஒருவராவது ஓராண்டு மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இக்காரணத்துக்கு அந்த ஓராண்டு விதி பொருந்தாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உறவு வைத்திருந்த மூன்றாம் நபரின் அடையாளம் தெரிந்தால் அதை மனுவில் குறிப்பிட வேண்டும். அவருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சான்றுகளைத் திரட்டவும் வழக்கை நடத்தவும் ஆகும் செலவு குடும்பத்தின் சொத்திலிருந்தே போகிறது.

2007ஆம் ஆண்டு, 'சரிசெய்ய இயலாத கருத்து வேறுபாடு' என்பதும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. அது ஆறு மாதங்கள் நீடித்திருந்தால் போதும்; யார் மீதும் குற்றம் சுமத்தத் தேவையில்லை. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இவ்வழியையே பரிந்துரைக்கின்றனர்.

சொத்தும் ஜீவனாம்சமும்

மணக்காலத்தில் சேர்ந்த சொத்தை நியாயமான முறையில் பங்கிட வேண்டும் என்பதே இம்மாநிலத்தின் கொள்கை. அப்பங்கீட்டில் யார் தவறு செய்தார் என்பது கணக்கில் வராது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1974இலேயே தீர்ப்பளித்தது. ஜீவனாம்சம் பற்றி, 'மணி எதிர் மணி' என்ற வழக்கில் 2005ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தவறு குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பாதித்திருந்தாலோ, சமூக நெறியை மிகக் கொடிய முறையில் மீறியிருந்தாலோ மட்டுமே அதைக் கருதலாம். சேமிப்பு முழுவதையும் சூதாட்டத்தில் இழப்பது முதல் வகைக்கும், துணையைக் கொல்ல முயல்வது இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். திருமணம் மீறிய உறவு மட்டும் இருந்தால் அது இவ்விரண்டிலும் அடங்காது.

நீதிமன்றம் கூர்ந்து பார்ப்பது பணத்தை. கூட்டுக் கணக்கிலிருந்து காதலருக்கு வீட்டு வாடகையும், நகையும், பயணச் செலவும் போயிருந்தால், அது குடும்பச் சொத்தை விரயமாக்கியதாகக் கருதப்படலாம். அச்செலவு பிரிவுக்கு எவ்வளவு நெருக்கமான காலத்தில் நடந்தது, அது வழக்கமான செலவா, அதனால் குடும்பம் பயனடைந்ததா, அதற்கான தேவையும் தொகையும் என்ன என்பவை ஆராயப்படும். விரயம் உறுதியானால் அத்தொகை செலவழித்தவரின் பங்கில் கழிக்கப்படலாம். எனவே, அந்தரங்கப் புகைப்படத்தைவிட வங்கிக் கணக்கு அறிக்கையே வலுவான சான்று.

விவாகரத்துக்குப் பின் ஜீவனாம்சம் பெறுபவர் வேறொருவருடன் குடும்பமாக வாழத் தொடங்கினால், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது நிறுத்தப்படவோ இடைநிறுத்தப்படவோ கூடும்.

பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதில் அவர்களின் நலனே அளவுகோல். புதிய உறவு பிள்ளைகளுக்குத் தீங்கு விளைவிக்கிறது என்று காட்டினால் மட்டுமே அது கருதப்படும்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு

கலிஃபோர்னியாவில் 1970 முதல் குற்றம் சாராத விவாகரத்தே நடைமுறை. துரோகம் செய்தவர் 50,000 டாலர் தர வேண்டும் என்று ஒரு தம்பதியர் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்கூடச் செல்லாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் கூறியது.

டெக்ஸாஸ் நிலை வேறு. அங்கு பிறருறவு விவாகரத்துக்குக் காரணம் ஆவதுடன், பொதுச் சொத்தைப் பங்கிடும்போதும் நீதிபதி அதைக் கருதலாம். பாதிக்கப்பட்டவருக்குப் பாதிக்கு மேல் கிடைப்பதும் உண்டு. அண்டை மாநிலமான நியூயார்க்கில் 1907 முதல் குற்றமாக இருந்த இவ்வுறவு, 2024இல்தான் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இந்தியாவில் செல்லுமா?

இந்தியாவில் இந்து முறைப்படி மணந்து இங்கு குடியேறியவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுவே. வெளிநாட்டு விவாகரத்தை ஏற்பது குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல், நரசிம்ம ராவ் வழக்கில் விதிகளை வகுத்தது. தம்பதியர் எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தனரோ அச்சட்டம் ஏற்கும் காரணத்தின் பேரில் விவாகரத்து வழங்கப்பட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் அங்கு வசிப்பவராகவோ, வழக்கில் மனமுவந்து பங்கேற்று வாதிட்டவராகவோ இருக்க வேண்டும். அல்லது அவர் விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும்.

'சரிசெய்ய இயலாத கருத்து வேறுபாடு' 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் காரணமாக இல்லை. பிறருறவு அதில் உண்டு. 2018இல் அது குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் விவாகரத்துக்கான காரணமாகத் தொடர்கிறது. சென்னையில் இருக்கும் மனைவியின் சம்மதமின்றி நியூ ஜெர்சியில் எளிய வழியில் விவாகரத்து பெற்ற கணவர், இந்தியச் சட்டத்தின் பார்வையில் மணமானவராகவே இருக்க நேரிடலாம். அவர் ஊருக்குச் சென்று மறுமணம் செய்தால் இருதார மண வழக்கை எதிர்கொள்ளக்கூடும்.

விசா நிலையும் கவனிக்கத்தக்கது. துணையின் வேலை விசாவைச் சார்ந்து 'எச்-4' விசாவில் இருப்பவர், விவாகரத்துடன் அத்தகுதியை இழக்கிறார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நிரந்தரக் குடியிருப்பாளரின் உறவு ஒரு மணவாழ்வைச் சிதைத்ததாகக் கருதப்பட்டால், அவரது நன்னடத்தை கேள்விக்குள்ளாகலாம்.

துரோகத்தின் வலிக்கு நியூ ஜெர்சி நீதிமன்றம் விலை நிர்ணயிப்பதில்லை. அது எண்ணுவது பணத்தையும், எடைபோடுவது பிள்ளைகளின் நலனையும்தான். எனவே மனுவில் எந்தக் காரணத்தைக் குறிப்பிடுவது என்பதை முடிவு செய்யும் முன், இரு நாட்டுச் சட்டங்களையும் அறிந்தவர்களிடம் ஆலோசனை பெறுவது அவசியமாகிறது.