மணவிலக்கு மனுவும் மாநில எல்லையும்: பாகலூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மணவிலக்குச் சட்ட வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கொடுமை, கைவிடல் முதலிய காரணங்களின் வளர்ச்சியையே நோக்குவர். மனுவை எவ்வூர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்னும் விதி வெறும் நடைமுறைச் செய்தியாகக் கருதப்படுகிறது. எல்லைப்புறப் பெண்ணுக்கோ, சட்டம் தந்த உரிமை கைக்கு எட்டுவது அவ்விதியைப் பொறுத்தே அமைந்தது. இதனைப் பாகலூர்ப் பகுதியின் நிலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் மணவுறவும்

ஓசூருக்கு வடக்கே அமைந்த பாகலூர் பாளையக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதி கம்பெனி ஆட்சிக்கு உட்பட்டுச் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. அண்டையிலுள்ள மாலூரும் ஆனேக்கல்லும் மைசூர் அரசில் இருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினை இவ்வெல்லையைக் கடந்து நடந்தது. சட்டமோ எல்லையோடு நின்றது.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு மணவிலக்கு உரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1949இல், சென்னை மாகாணத்தில் இந்து இருதார மணத் தடுப்பு மற்றும் மணவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அது மைசூருக்குப் பொருந்தவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அதனை நீக்கி, எல்லையின் இருபுறத்துக்கும் ஒரே காரணங்களை வகுத்தது. சாதி வழக்காற்றின்படி நிகழும் மணவிலக்கை அச்சட்டத்தின் 29(2)ஆம் பிரிவு காத்தது. எனினும் அவ்வழக்காறு நீதிமன்றத்தில் தனியே எடுத்துரைத்து மெய்ப்பிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

மனு தாக்கலாகும் இடம்

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மூன்று இடங்களையே குறித்தது: திருமணம் நடந்த இடம், கணவனும் மனைவியும் வசிக்கும் இடம், இருவரும் இறுதியாகச் சேர்ந்து வசித்த இடம். பாகலூரில் பிறந்த ஒருத்தி மாலூரில் மணமாகி, அங்கேயே வாழ்ந்து, பின் தாய்வீடு திரும்பினாள் எனக் கொள்ளலாம். மூன்று இடங்களும் எல்லைக்கு அப்பாலேயே அமைகின்றன. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்தைச் சேர்த்தது; அதனால் அவள் நிலை மாறவில்லை. கணவன் வெளிநாட்டில் இருந்தாலோ ஏழாண்டுகள் அவனைப் பற்றிய செய்தி இல்லாதிருந்தாலோ மட்டுமே தன் வசிப்பிடத்தில் அவள் வழக்குத் தொடுக்க இயன்றது.

ஜீவனாம்ச வழக்கில் இக்குறை முன்னரே நீங்கியது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கணவன் இருக்கும் இடத்தையும் இருவரும் இறுதியாக வசித்த இடத்தையுமே ஏற்றது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 126ஆம் பிரிவு மனைவி வசிக்கும் இடத்தையும் சேர்த்தது. மணவிலக்கு மனுவுக்கு அவ்வசதி 2003 டிசம்பரில்தான் கிட்டியது. இடைப்பட்ட ஏறத்தாழ 30 ஆண்டுகள், தாய்வீட்டிலிருந்தபடி ஜீவனாம்சம் கோர இயன்ற பெண், மணவிலக்குக்கு எல்லை கடக்க வேண்டியிருந்தது. மணவாழ்வை முறித்துக்கொள்வதைவிடப் பெயரளவில் மனைவியாக நீடித்து உதவித்தொகை பெறுவதையே இவ்வேறுபாடு எளிதாக்கியது.

திருத்தத்திற்குப் பின்

2003ஆம் ஆண்டுத் திருத்தம் சிக்கலை முழுதும் தீர்க்கவில்லை. கணவன் முந்திக்கொண்டு கர்நாடகத்தில் மனு தாக்கல் செய்தால், அவ்வழக்கைத் தமிழ்நாட்டு நீதிமன்றத்துக்கு மாற்றும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு. சில கல் தொலைவிலுள்ள இரு ஊர்களுக்கிடையே வழக்கை மாற்றத் தில்லிக்கு விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. இடமாற்றத்துக்கு மாற்றாகக் காணொளி விசாரணையை 2017 மார்ச்சில் ஒரு தீர்ப்பு முன்வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மூவர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதனை மாற்றியது: சமரச முயற்சி தோற்றபின், இருதரப்பும் இசைந்தால் மட்டுமே குடும்ப நீதிமன்றம் காணொளியை அனுமதிக்கலாம்.

முடிவுரை

மணவிலக்குக் காரணங்கள் இருபுறமும் ஒன்றான ஆண்டு 1955; பெண் தன் வசிப்பிடத்திலேயே அவற்றை எடுத்துரைக்க இயன்ற ஆண்டு 2003. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 48 ஆண்டுகளில் தாய்வீடு திரும்பியும் மனு தாக்கல் செய்யாத பெண்களின் மௌனத்தை, மணவாழ்வு நிலைத்ததற்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஓசூர், மாலூர் நீதிமன்றங்களின் ஜீவனாம்சப் பதிவேடுகளை மணவிலக்குப் பதிவேடுகளோடு ஒப்பிடும் ஆய்வு அம்மௌனத்தின் அளவைத் தெளிவுபடுத்தும்.