தொடர்கதையும் எதிர்வுகூறலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்கள் பல, வார, மாத வெளியீடுகளின் வாயிலாகப் பகுதி பகுதியாகவே வாசகரை வந்தடைந்தன. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடைப்பட்ட காலம் ஊகத்துக்குரிய காலமாயிற்று. அவ்வூகம் சில வேளைகளில் திறனாய்வாகவும் வடிவங்கொண்டது. அதன் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருங்கே உணர்த்துவது, சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘பார்னபி றட்ஜ்’ குறித்து அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ செய்த எதிர்வுகூறலாகும்.

இந்நாவல் 1841 பெப்ரவரி முதல் நவம்பர் வரை வாரந்தோறும் வெளிவந்தது. கதை தொடங்குவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஹேர்டேல் என்னும் பிரபு கொல்லப்பட்டார். பின்னர் கண்டெடுக்கப்பட்ட ஓர் உடல், உடையையும் அணிகளையும் கொண்டு, அவருடைய காரியஸ்தன் றட்ஜின் உடலென அடையாளங் காணப்பட்டது. காணாமற்போன தோட்டக்காரன் மீதே பழி விழுந்தது. 1841 மே முதலாந் திகதி, பிலடெல்பியாவில் வெளிவந்த வார இதழொன்றில், கொலைகாரன் றட்ஜே என்றும், இறந்த தோட்டக்காரனுக்குத் தன் உடையை அணிவித்து அவன் தப்பினான் என்றும் போ எழுதினார். கதை முடிவு அக்கூற்றை மெய்ப்பித்தது.

ஆயினும் போ அத்துடன் அமையவில்லை. கொலையைத் தூண்டியவர் இறந்தவரின் சகோதரரே என்றார். றட்ஜின் பேதை மகன் பார்னபி, தன்னையறியாமலே தந்தையைத் தண்டனைக்குள்ளாக்குவான் என்றுங் கூறினார். இவையிரண்டும் பொய்த்தன. நாவலின் பிற்பகுதியை 1780ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த, கத்தோலிக்கருக்கு எதிரான கோர்டன் கலவரங்கள் ஆட்கொண்டன. பார்னபியும் அவற்றுள் இழுக்கப்பட்டான். 1842 பெப்ரவரியில் மீண்டும் எழுதிய போ, தமது கூற்றுச் சில இடங்களில் பிழைத்தமையை ஒப்புக்கொண்டார். எனினும், கலவரங்கள் ஆசிரியருக்குப் பின்னர் தோன்றிய எண்ணமே என்றும், மூலக்கருவிலிருந்து கதை விலகிற்று என்றும் வாதித்தார்.

இவ்வாதம் ஏற்புடையதன்று. இந்நாவலை எழுதுதற்கான ஒப்பந்தம் 1836இலேயே, வேறொரு தலைப்பில், செய்யப்பட்டிருந்தது. கோர்டன் கலவரங்களை எப்புனைகதையும் எடுத்தாளாமையே இந்நாவலைத் திட்டமிடத் தம்மைத் தூண்டிற்றென டிக்கன்ஸ் தம் முன்னுரையிற் குறிப்பிட்டார். போ எதனைப் பின்சேர்க்கை எனக் கருதினாரோ, அதுவே கதையின் கருவாக இருந்தது.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கொலை, கதை தொடங்குமுன்னரே நிகழ்ந்து முடிந்தது. அதற்கான தடயங்கள் முன் அத்தியாயங்களிலேயே உள்ளன. அதனைக் கண்டறிதல் நடந்ததைத் துப்புத்துலக்குதலே. கதை இனிச் செல்லும் வழியோ எழுதப்படும் போதே உருவாவது. முன்னதில் வென்ற அறிவு, பின்னதையும் தன் ஆட்சிக்குட்பட்டதாகக் கருதியமையே போவின் பிழை. பிழைத்தபோது அவர் தம் கணிப்பை விடுத்துக் கதையின் மீதே குறைகண்டமை, அதனினும் பெரிய ஆபத்தாகும்.

திருத்துவதற்கு ஆசிரியர் இல்லாதவிடத்து இவ்வாபத்துப் பன்மடங்காகும். ‘எட்வின் ட்றூட்’ நாவலைப் பன்னிரு பகுதிகளாகத் திட்டமிட்ட டிக்கன்ஸ், ஆறு பகுதிகளே எஞ்சத்தக்கதாக 1870 ஜூன் 9ஆந் திகதி மறைந்தார். மருமகனை மாமனே கொல்வதாகக் கதை அமையவிருந்ததென அவருடைய நண்பர் ஜோன் போர்ஸ்டர் வாழ்க்கை வரலாற்றிற் பதிவு செய்தார். அவ்வாறிருந்தும், ட்றூட் உயிருடன் உள்ளான் என நிறுவ முயன்றோர் பலர். 1914இல் இலண்டனில் மாமன் ஜாஸ்பர் மீது விளையாட்டு வழக்கொன்றே நடத்தப்பட்டது. செஸ்டர்டன் நீதிபதியாகவும் பேர்னாட் ஷா யூரர் தலைவராகவும் அமர்ந்தனர்.

எதிர்வுகூறல் கூர்ந்த வாசிப்பின் விளைவு. அதனை இகழ்தல் தகாது. ஆயின், முடிவைத் தானே வகுத்துக்கொண்ட வாசகன், தான் எதிர்பார்த்தது வருகிறதா என்பதையே நோக்குவான். கண்முன் வருவதை நோக்கான். கலவரத்தில் எரியும் இலண்டனை டிக்கன்ஸ் தீட்டிய பக்கங்கள் அந்நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுட் சேர்வன. போவின் கணிப்பில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை.